மரக்கால் யார் கையில் இருந்தது?

ஒரகடம் கூட்டுச்சாலையிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிற ஓர் ஊரில் போன ஆவணியில் கும்பாபிஷேகம் நடந்தது. சிப்காட்டுக்கு நிலம் கொடுத்த பணம் பாதி, கம்பெனிகளுக்கு வேன் ஓட்டியும் ஆள் அனுப்பியும் சேர்த்த பணம் பாதி என்று ராஜகோபுரம் எழும்பிவிட்டது. வழுவழுத் தாளில், நாலு வண்ணத்தில், எழுபது பக்கத்துக்கு மலரும் போட்டார்கள். அந்த மலரில்தான் அந்தக் கட்டுரை வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். மேடையில் நன்றாகப் பேசக்கூடியவர். பெயர் வேண்டாம். அவர் சொல்வது அவருடைய சொந்தச் சரக்கும் இல்லை, வருஷக்கணக்காக மேடைக்கு மேடை, வாட்ஸ்அப்புக்கு வாட்ஸ்அப் உருண்டு வருவது. அதைத் தனிச் சிறுநூலாக்கி வட்டாரத்துப் பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். கும்பாபிஷேக மலரை யாரும் படிப்பதில்லை. பள்ளியில் கையில் கொடுப்பதைப் பிள்ளைகள் படித்துவிடுவார்கள்.

அவருடைய வாதம் இதுதான். வெள்ளைக்காரன் வருவதற்கு முன் தொண்டை மண்டலத்து ஊர்களில் எல்லாருக்கும் பங்கு இருந்தது. தச்சன், கொல்லன், வண்ணான், நாவிதனில் தொடங்கி வெட்டியான் வரை களத்திலேயே நெல் அளந்து கொடுத்தார்கள். கும்பினிக்காரனே எடுத்த கணக்கு அதற்குச் சாட்சி. பங்கு இருந்த இடத்தில் பகை இருக்காது. ஆகவே அதிகாரம், ஆதிக்கம், மோதல் என்று வரலாற்றாசிரியர்கள் பேசுவதெல்லாம் மேற்கிலிருந்து வாங்கி மாட்டிக்கொண்ட கண்ணாடி. சாதிப் பகை வெள்ளைக்காரன் மூட்டியது. உத்திரமேரூரில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே குடவோலை போட்ட பூமி இது. இன்றைக்கு எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரகடத்தில் ஒரே கேண்டீனில் சாப்பிடும்போது பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும்?

கேட்க இனிமையாக இருக்கிறது. வரிக்கு வரி கோளாறு.

கணக்கிலிருந்து தொடங்கலாம், அவர் நம்பியிருப்பதே அதைத்தான். 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். நம் பக்கத்து வாலாஜாபாத் அவர் பெயரைத்தான் இன்னும் சுமக்கிறது. கொடுத்ததைத் தானே குத்தகைக்கும் எடுத்துக்கொண்டார். தன் சொத்தில் என்னதான் விளைகிறது என்று கும்பினிக்குத் தெரிய வேண்டியிருந்தது. தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரை இறக்கிவிட்டார்கள். 1767 முதல் 1774 வரை, ஏறத்தாழ 2,000 ஊர்களில், எத்தனை வீடு, எந்தச் சாதி, எத்தனை ஏரி, எவ்வளவு நன்செய், எவ்வளவு மானியம், களத்தில் யாருக்கு எவ்வளவு என்று எழுதினார்கள். இந்தக் கணக்குகளைத் தூசி தட்டி எடுத்து, இதில் ஓர் உயிருள்ள சமூகம் இருக்கிறது பாருங்கள் என்று காட்டியவர் தரம்பால். அவர் செய்தது பெரிய காரியம். இந்தியக் கிராமம் ஒன்றுமில்லாத மண்குடிசைக் கூட்டம் என்ற காலனிய இளக்காரத்துக்கு அந்தக் கணக்கு நல்ல அடி. இதே காலத்து ஓலைக் கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் இருக்கின்றன. அதுவரை எனக்கும் பேராசிரியருக்கும் சண்டையே இல்லை.

பங்குப் பட்டியலைக் கையில் எடுத்ததும் வரலாறு படித்தவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியை அவர் கேட்காமல் தாண்டிப் போகிறார். எழுதியது யார்? ஊர்க் கணக்குப்பிள்ளை. யாருக்காக? வரி வாங்கப் போகிறவனுக்காக. யார் சொல்லக் கேட்டு? ஊர் நிலத்துக்கு உரிமை வைத்திருந்த காணியாளர் சொல்ல. சேரியில் போய்க் கேட்டு எழுதிய வரி ஒன்று அதில் உண்டா? ஊர் மொத்தமும் சேர்ந்து உட்கார்ந்து எழுதிய சம்மதப் பத்திரம்போல் அதை அவர் தூக்கிப் பிடிக்கிறார். அது வரிக்காரனுக்கு ஊர்ப் பெரியதனக்காரர்கள் ஒப்பித்த கணக்கு.

நான் களம் பார்த்து வளர்ந்தவன். எழுபதுகளின் கடைசி, எங்கள் ஊரில் இன்னும் டிராக்டர் போரடிக்க வரவில்லை. தூற்றி முடித்துப் பொலி குவித்ததும் குவியலைச் சுற்றிச் சாணிக் கரைசலில் ஒரு கோடு இழுப்பார்கள், இரவில் கை வைத்தால் தெரியட்டும் என்று. அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்வதில்லை, “லாபம்” என்பார்கள். எண்ணிக்கை ராகத்தோடு போகும். கோயிலுக்கு அளக்கும்போது மரக்காலின் தலையில் நெல் கோபுரமாக நிற்கும், ஓரத்தில் சரிவதைக் கையால் அணைத்துக்கொள்வார்கள். காணிக்காரர் வீட்டு மூட்டைக்கும் அப்படித்தான். கூலிக்கு அளக்கும்போது அதே கை மரக்காலின் விளிம்போடு ஒரு தட்டுத் தட்டிக் கோபுரத்தைக் கீழே தள்ளிவிடும். காலனிப் பெண்கள் களத்துக்கு வெளியே நிற்பார்கள். முந்தானையை விரித்துப் பிடிக்க, கொஞ்சம் உயரத்திலிருந்து நெல் விழும். கடைசியில் களத்தைக் கூட்டி எடுத்த, மண்ணும் பதரும் கலந்த அடிக்களத்து நெல்லும் அவர்களுக்குத்தான்.

சாயங்காலம் கணக்கு நோட்டில் ஏறும்போது கோபுர மரக்காலும் மரக்கால், தட்டின மரக்காலும் மரக்கால். இரண்டுக்கும் ஒரே கோடு. இரண்டு நூற்றாண்டு கழித்து எங்கள் ஊர் நோட்டு யார் கையிலாவது கிடைத்தால், கூலிக்காரிக்கும் பங்கு இருந்தது, என்ன நியாயமான சமுதாயம் என்று ஒரு மலரில் எழுதுவார்.

1767இல் இப்படித்தான் தட்டி அளந்தார்கள் என்று நான் சாதிக்க வரவில்லை. தட்டினார்களா அணைத்தார்களா என்பதைச் சொல்ல அந்தக் கணக்குக்கு வாய் இல்லை. வாய் இல்லாத சாட்சியைக் கூண்டில் ஏற்றி, சமரசம் நிலவியது என்று வாக்குமூலம் வாங்கியிருக்கிறார் பேராசிரியர்.

இன்னொன்று. வெட்டியானுக்குப் பங்கு என்றால் அது வெட்டியான் வேலைக்குப் பங்கு. சேரியிலிருந்த மற்ற வீடுகள்? அவர்கள் காணியாளர் வயலில் பண்ணையாள், படியாள். ஊரின் பங்குகள், அதாவது நிலத்தின் பங்குகள், மிராசி என்ற பெயரில் கொஞ்சம் குடும்பங்களிடம் இருந்தன. பங்கு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நில உரிமையையும் களத்துக் கூலியையும் ஒன்றாகக் காட்டுவது எழுத்துத் திறமையாக இருக்கலாம், வரலாறு ஆகாது. ஊர் நத்தமே மிராசுதாரருடையது. குடிசை போட்ட மண்ணும் தன்னுடையது இல்லை என்கிறவனுக்குக் களத்தில் கிடைத்த நாலு படி நெல்லைப் பங்கு என்று சொல்லலாம்தான், கூண்டில் தீனி வாங்குகிற கிளிக்கும் அந்த வீட்டில் பங்கு உண்டு என்றால்.

மிராசியைப் பற்றி எல்லிஸ் எழுதியிருக்கிறாரே, அதையாவது புரட்டியிருக்கலாம். நாம் திருக்குறளுக்காகவும் திராவிட மொழிக் குடும்பத்துக்காகவும் கொண்டாடுகிற அதே எல்லிஸ்தான். சென்னைக் கலெக்டராக இருந்தபோது, சங்கரய்யாவின் உதவியோடு, மிராசி உரிமை பற்றி அரசு கேட்ட கேள்விகளுக்கு நீண்ட விடை எழுதினார்; 1818இல் அச்சானது. மிராசுக்கு மரியாதை உள்ள மனிதர் அவர், மிராசுதாரர்களின் உரிமையைத் தாங்கிப் பிடித்தே எழுதினார். அவரே இந்த மண்டலத்தில் நிலத்தோடும் எஜமானோடும் கட்டுண்ட அடிமை ஆட்கள் இருந்ததை மறைக்கவில்லை. நிலமற்ற கூலிகள் ஆங்கிலேயர் ஆட்சியில்தான் உருவானார்கள் என்று ஒருகாலத்தில் பொருளியலாளர்களே எழுதிக்கொண்டிருந்தார்கள். தர்மா குமார் 1965இல் வெளியிட்ட தென்னிந்திய நிலம், சாதி பற்றிய நூல் அந்தக் கதையை முடித்துவைத்தது. ஆங்கிலேயர் காலூன்றிய காலத்திலேயே பெருந்திரளான மக்கள், சாதியின் காரணமாகவே, நிலமில்லாமல் பிறர் வயலில் கட்டுண்டு கிடந்தார்கள் என்று அவர் ஆவணங்களிலிருந்து காட்டினார். அவர் கம்யூனிஸ்டும் இல்லை; இந்தத் தகவல் பேராசிரியருக்காக.

சரி, வெள்ளைக்காரன் மூட்டிய பகை என்கிறாரே, அதற்கு வருவோம். மிராசி என்பது அரபு வழி வந்த சொல். அதற்கு முன் இங்கே புழங்கியது காணி, காணியாட்சி. சோழர் கல்வெட்டெங்கும் காணி இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களுக்கு வரி நீக்கும்போது எந்தெந்த நிலத்துக்கு வரி இல்லை என்று பட்டியல் வருகிறது. ஊர்நத்தம், குளம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு, தனியாகப் பறைச்சுடுகாடு. செத்த பிறகும் தனி இடம். அந்தக் கல்லைப் பொறித்தபோது லண்டனில் கும்பினியும் இல்லை, கும்பினியின் பாட்டனாரும் இல்லை.

மோதல் ஆவணத்தில் இல்லையாம். கொறுக்கைக் கோயில் சுவருக்கு அவரைக் கூட்டிப்போக வேண்டும். 1429, விஜயநகரத்தில் இரண்டாம் தேவராயர் ஆட்சி. காவிரிப் பக்கத்திலும் அதற்கு வடக்கிலும் சில கோயில்களில் அந்த ஆண்டு அடுத்தடுத்துக் கல்வெட்டுகள் எழுகின்றன. வெட்டியவர்கள் அரசரும் இல்லை, பிராமண சபையும் இல்லை. வலங்கை தொண்ணூற்றெட்டு, இடங்கை தொண்ணூற்றெட்டு என்று தங்களைச் சொல்லிக்கொண்ட உழுகுடிகளும் கைவினைக்காரர்களும். அதற்கு முன்னும் பின்னும் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்ட இரண்டு அணிகள். அந்த ஒரு தருணத்தில் ஒன்று கூடி, நாம் ஒற்றுமையாக இல்லாததால்தான் நம்மை வாட்டினார்கள் என்ற பொருள்பட எழுதி, எந்தப் பயிருக்கு எவ்வளவு கொடுப்போம் என்று தாங்களே விகிதம் குறித்து, அதற்கு மேல் கிடையாது என்கிறார்கள். யாருக்கு எதிராக? அரச அலுவலருக்கு, அவரோடு கைகோத்த பிராமண, வெள்ளாளக் காணியாளருக்கு. ஆமாம், காணியாளருக்கு. பேராசிரியரின் பங்குப் பட்டியலில் மேல்வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்களின் முன்னோடி வர்க்கம். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இந்தக் கல்வெட்டுகளை வைத்து நாற்பது ஆண்டுக்கு முன்பே கட்டுரை எழுதிவிட்டார்கள். சுப்பராயலு எந்த மேற்குக் கண்ணாடியும் போட்டவர் அல்லர். கல்வெட்டின் மைப்படியோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவர்.

மதராசப்பட்டினத்தில் இடங்கையும் வலங்கையும் கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதற்காக 1650களிலிருந்தே முட்டிக்கொண்டார்கள். 1707-08இல் கவர்னர் தாமஸ் பிட் காலத்தில் வலங்கையார் கூட்டமாகச் சாந்தோமுக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். கும்பினி அதில் குளிர்காய்ந்தது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அடுப்பும் விறகும் ஏற்கெனவே இருந்தன.

இங்கே பேராசிரியர் யூஜின் இர்ஷிக்கைத் துணைக்கு இழுக்கிறார். இர்ஷிக் 1994இல் செங்கல்பட்டை வைத்தே ஒரு நூல் எழுதினார், 1795 முதல் 1895 வரையிலான நூறு ஆண்டு. நிலைத்த, பழமையான, அமைதியான தமிழ்க் கிராமம் என்கிற படமே அந்த நூறாண்டில் ஆங்கில அதிகாரிகளும் உள்ளூர் ஆட்களும் மாறி மாறிப் பேசி, வாதாடி, முறுக்கிக்கொண்டு உருவாக்கியது என்பது அவர் வாதம். பேராசிரியர் இதில் பாதியை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டார்: வெள்ளைக்காரன் உருவாக்கினான். மற்றப் பாதி, உள்ளூர் மிராசுதாரர்களும் சேர்ந்துதான் உருவாக்கினார்கள் என்பது, கசந்துவிட்டது போலும். அதைவிட வேடிக்கை, இர்ஷிக் உடைத்துக் காட்டிய அந்த அமைதிக் கிராமத்தைத்தான் பேராசிரியர் தன் முன்னோர் சொத்தாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

அதிகாரம் எப்படிப் பேசிப் பேசி உருவாகிறது என்று பார்க்க மதுராந்தகம் போதும். ஏரி காத்த ராமர் கதை நம் எல்லாருக்கும் தெரியும். மழை ராத்திரியில் ஏரிக்கரையில் வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்பதைக் கலெக்டர் லயனல் பிளேஸ் பார்த்தார், கரை உடையவில்லை, தாயார் சன்னதி கட்டிக் கொடுத்தார் என்று. கோயிலில் அவர் பெயரில் கல்வெட்டும் இருக்கிறது. 1794 முதல் 1798 வரை இந்தச் சீமையைப் பிடித்து ஆட்டியவர் அதே பிளேஸ்தான். வரிக்காக மிராசுதாரர்களோடு மோதினார், ஏரிகளைப் பழுது பார்த்தார், கோயில் காரியங்களில் தலையிட்டார். ஏரிப் பராமரிப்பும் கோயில் மரியாதையும் அரசன் செய்கிற வேலை. பிளேஸ் அந்த நாற்காலியில் ஏற ஆசைப்பட்டார், ஊர் அவரை ராமர் கதைக்குள் ஒரு பாத்திரமாக உட்கார்த்தி வைத்துத் தன் கோயிலுக்கு ஒரு சன்னதியும் வாங்கிக்கொண்டது. இதைப் படிக்க ராமரை மறுக்கவும் வேண்டாம், பிளேஸைத் திட்டவும் வேண்டாம். யார் யாரிடம் என்ன வாங்கினார்கள் என்று கேட்டால் போதும்.

கும்பினிக்கும் மிராசுதாரருக்கும் இடையே நடந்ததெல்லாம் முதலாளிகளின் சில்லறைத் தகராறு. சேரிக்கு எதிராக இருவரும் சேர்ந்துகொண்ட இடம்தான் பாடம். 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீர், பறையர் நிலைமை பற்றி ஒரு குறிப்பு எழுதினார். தரிசு நிலம் கேட்டு ஒரு பறையர் தர்காஸ்து போட்டால், முன்னுரிமை மிராசுதாரருக்கு. வருஷக்கணக்கில் தரிசாகக் கிடந்த நிலத்தின் மேல் மனுப் போட்ட மறுநாள் அவருக்குப் பாசம் பொங்கிவிடும். மனுப் போட்டவர் குடியிருந்த மனையும் அவருடையது, கடனும் அவரிடம். வருவாய் வாரியம் அந்தக் குறிப்பை முகம் கோணித்தான் வாங்கியது. 1892 செப்டம்பர் 30இல் அரசாணை 1010 வந்தது, பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதிலிருந்து கிளைத்தது. ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட நூல் இந்தக் கட்டத்தைத்தான் துருவுகிறது: நிலம் வைத்திருந்த சாதிகளும் காலனிய அரசும் எப்படி ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொண்டார்கள் என்று. வெள்ளைக்காரன் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டால் அவனோடு கூட்டு வைத்தவர் தப்பித்துவிடுகிறார். பேராசிரியர் கட்டுரை செய்வது அந்த வேலையைத்தான், தெரிந்தோ தெரியாமலோ.

பழைய புண் என்கிறாரே. 1994 அக்டோபர் 10 எவ்வளவு பழசு? காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு நடந்த போராட்டத்தில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். அப்போது அவர் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்திருப்பார்.

உத்திரமேரூரை விட்டுவிடலாம் என்று பார்த்தேன், விட மனமில்லை. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போய்த் தெற்கே திரும்பினால் வந்துவிடுகிறது, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் திறந்தே கிடக்கிறது. பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டு, 919, 921. முப்பது குடும்பு, குடத்தில் ஓலை, சிறுபிள்ளை கையை விட்டு எடுப்பது, கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி நிற்கக்கூடாது என்பது, எல்லாம் உண்மை, எல்லாம் அழகு. கணக்குக் காட்டாதவர் விதியை இன்றைக்குக் கொண்டுவந்தால் எத்தனை பஞ்சாயத்து காலியாகும் என்று நானும் ஏங்கியிருக்கிறேன். ஓலையில் பெயர் ஏற என்ன வேண்டும்? வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல். சொந்த மனையில் வீடு. முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள். வேதம் ஓதியிருக்க வேண்டும். இது ஒரு சதுர்வேதிமங்கலத்து பிராமண சபை, தன் நிர்வாகத்துக்கு வைத்துக்கொண்ட விதி, அதுவும் அரசன் அனுப்பிய அதிகாரி எதிரில் உட்கார்ந்து. அந்த ஊர் ஏரியைத் தூர்வாரியவருக்கு அதில் ஓலை இல்லை. பெண்ணுக்கு இல்லை. அது உயர்ந்த நிர்வாகக் கலை என்று சொல்லுங்கள், கைதட்டுகிறேன். மலரில் அவர் குடத்தைப் படம் போட்டிருக்கிறார். தகுதிப் பட்டியலை ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை.

கண்ணாடி குற்றச்சாட்டுக்கும் ஒரு பதில். அதிகாரத்தைத் தேடுகிறவர்கள் முடிவை முன்பே வைத்துக்கொண்டு தேடுகிறார்கள் என்கிறார். எங்கள் பக்கத்திலும் அப்படிச் சிலர் உண்டு. ஒரு கல்வெட்டையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே சூத்திரம் ஒப்பிக்கிறவர்கள். அவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. வேலை தெரிந்தவர்கள் செய்வது வேறு. பர்டன் ஸ்டைன் 1980இல் சோழ அரசை மையமில்லாத, நாடுகளால் ஆன, பிராமணரும் வெள்ளாளரும் கூட்டு வைத்து நடத்திய அமைப்பு என்று எழுதினார். கராஷிமா அதைப் பிரித்து மேய்ந்தார். அதற்கு முன்பே, 1960களில், திருச்சிப் பக்கத்து அல்லூர், ஈசானமங்கலம் என்று அக்கம்பக்கத்து இரண்டு ஊர்களை எடுத்து, பிரம்மதேயத்தில் நிலம் தனித்தனி ஆள் பெயரில் கைமாறுகிறது, வெள்ளான்வகை ஊரில் ஊரே சேர்ந்து வைத்திருக்கிறது என்று கல்வெட்டுக் கல்வெட்டாகக் காட்டியவர் அவர். பிறகு சுப்பராயலுவோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை எல்லாம் அடுக்கி மூன்று பாகம் போட்டார். பட்டம் எந்த நூற்றாண்டில் யாருக்கு வருகிறது, யார் விற்கிறார், யார் வாங்குகிறார், எப்போது விற்பனை கூடுகிறது என்று எண்ணி எண்ணித்தான் அதிகாரம் எங்கே நகர்ந்தது என்று சொன்னார்கள். ஒருவரை ஒருவர் மறுத்தார்கள், திருத்திக்கொண்டார்கள். பேராசிரியரின் சமரசக் கிராமத்துக்கு இப்படி ஒரு சோதனையாவது நடந்ததா? எந்த ஆவணம் கிடைத்தால் தன் கருத்தை மாற்றிக்கொள்வார் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும்.

இனி அந்த கேண்டீன்.

2024ஆம் ஆண்டின் சம்பளப் பட்டியல் ஒன்று, நம் பக்கத்துத் தொழிற்சாலை எதனுடையதாவது, முந்நூறு ஆண்டு கழித்துக் கிடைக்கிறது என்று வையுங்கள். எல்லாருக்கும் மாதம் தவறாமல் சம்பளம். எல்லாருக்கும் சாப்பாடு, பஸ், பி.எஃப். பங்கு இருந்த இடத்தில் பகை இல்லை என்று அப்போதைய பேராசிரியர் எழுதுவார். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளிகள் செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்து வெளியில் உட்கார்ந்திருந்தது அந்தப் பட்டியலில் எங்கே இருக்கும்? கேட்டது முதன்மையாகச் சங்கத்துக்கு அங்கீகாரம். பங்கு வாங்கியவர்கள்தான் கேட்டார்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளிகள் விடுதிச் சாப்பாட்டால் நோய்ப்பட்டுப் பெங்களூர் நெடுஞ்சாலையை இரவெல்லாம் மறித்தார்களே, கணக்கில் அந்தச் சாப்பாட்டுக்கும் ஒரு வரி இருந்திருக்கும். வழங்கப்பட்டது என்று.

ஒரே கேண்டீன் உண்மைதான். வாரத்தில் நாலு நாள் ஒரகடம் பாலத்தடியில் டீ குடிக்கிறவன் நான். ஏ ஷிப்ட் விட்டு வருகிற பையன்களின் கழுத்தைப் பார்த்தாலே போதும். பர்மனென்ட்டுக்கு ஒரு நிற டேக், கான்ட்ராக்டுக்கு ஒன்று, அப்ரண்டிசுக்கு ஒன்று, டிரெய்னிக்கு ஒன்று. ஒரே லைனில் ஒரே வேலை. டேக்கைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்ட பிறகுதான் சிலர் டீ கேட்கிறார்கள். நிலம் எடுத்தபோதும் இழப்பீடு பட்டா வைத்திருந்தவருக்கு வந்தது. அந்த வயலில் முப்பது வருஷம் நடவு நட்டவளுக்குப் பட்டாவில் பெயர் இல்லை. 1767இன் காணியாளருக்கும் இந்தப் பட்டாதாரருக்கும் நான் நேர்க்கோடு போடவில்லை. நடுவே எத்தனையோ விற்றல் வாங்கல், ஏலம், மேலேறியவர், நொடித்தவர். ஆனால் காகிதத்தில் பெயர் இல்லாத பக்கம் அதிகம் மாறாமல் வந்திருக்கிறது என்பதைப் பார்க்க ஆராய்ச்சிப் பட்டம் வேண்டாம்.

கடைசியாக அந்த மலரையே எடுத்துக்கொள்வோம். பழைய கோயில் கல்வெட்டும் இந்த மலரும் ஒரே ஜாதிச் சரக்கு: யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார். கல்வெட்டைப் படிக்கிற முறையில் இதைப் படித்தேன். உபயதாரர் பட்டியல் ஆறு பக்கம். முழுப் பக்கப் படம் ஐந்து பேருக்கு, அதில் மூன்று பேர் ஒரே வகையறா. ஒருவர் லேபர் கான்ட்ராக்ட் எடுப்பவர். காலனியில் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி வசூலித்தது எனக்குத் தெரியும், கொடுத்தவர்களிடமே கேட்டேன். பட்டியலில் அந்தத் தெருப் பெயர் ஒன்றுகூட இல்லை. ‘மற்றும் பொதுமக்கள்’ என்று ஒரு வரி இருக்கிறது. பின்னட்டையின் உள்பக்கத்தில் சுவாமி புறப்பாட்டு வழியை வரைபடமாகப் போட்டிருக்கிறார்கள், அம்புக்குறியோடு. நாலு வீதியும் சுற்றி, ஏரிக்கரைத் தெருவின் முனையில், காலனி தொடங்குவதற்கு இரண்டு வீடு முன்னால், அம்பு திரும்பிவிடுகிறது.

பேராசிரியர் ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம். சிறுநூலை அச்சுக்கு அனுப்புமுன் உத்திரமேரூர்த் தகுதிப் பட்டியலை முழுதாகச் சேருங்கள், கொறுக்கைக் கல்வெட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இரண்டுக்கும் இடமில்லை என்றால் உங்கள் கட்டுரையோடு அந்தப் பின்னட்டை வரைபடத்தையாவது பெரிதாகப் போடுங்கள். அதைப் படிக்கப் பிள்ளைகளுக்கு யாருடைய கண்ணாடியும் தேவைப்படாது.